தும்மலும் ஒரு தகர டப்பாவும்

தலைநகர்த் தமிழர் இல்லங்கள் எந்தப் பேட்டையில் இருப்பினும், எத்தனை அறைகள் கொண்டிருப்பினும், சில பொருள்களை அங்கே தவறாமல் காணலாம். ஊரிலிருந்து புடைவையில் சுற்றிக் கொண்டுவரப்பட்ட குத்துவிளக்கு, பித்தளைக் காபி வடிகட்டி, கூடத்துச் சுவரில் மாட்டிய தினசரி நாட்காட்டி. இவற்றோடு அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றும் இருக்கும். அதற்குள் பிஸ்கட் இராது, மாத்திரைகள் இருக்கும். கும்பகோணத்து வைத்தியர் எழுதிக் கொடுத்ததில் மிச்சம் நான்கு, சென்னை மைத்துனர் விட்டுச் சென்ற அரை அட்டை, எதிர்க்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தவை, என்ன நோய்க்கு வாங்கினோம் என்று வீட்டில் எவருக்கும் நினைவில்லாதவை என்று எல்லாம் கலந்து கிடக்கும். உறவினர் அருகில் இல்லாத ஊரில் இரவு பதினொரு மணிக்குக் குழந்தை தும்மினால் கை நீளுவது அந்த டப்பாவை நோக்கித்தான். நம் வீட்டு டப்பாவைப் பற்றியும், அதனால் நாம் செய்துவிட்ட ஒரு பிழையைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் தில்லிக்கு வந்தது 2004-ஆம் ஆண்டு. பி.ஏ. பட்டமும், மத்திய அரசுத் தேர்வில் தேறியதற்கான ஒரு காகிதமும், ஒரு கம்பளிப் போர்வையும் கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினோம். முதல் இரண்டு ஆண்டுகள் மூக்கு நம்மை ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது வசந்தத்தில்தான் தொடங்கிற்று. காலையில் எழுந்தவுடன் பதினைந்து தும்மல், கண்ணில் நீர், அண்ணத்தின் உட்புறத்தில் நாக்கால் எட்டிச் சொறியத் தோன்றும் ஓர் அரிப்பு. ‘தண்ணீர் மாற்றம்’ என்றார் ஒருவர். ‘குளித்துவிட்டுத் தலையைத் துவட்டவில்லை’ என்றார் மற்றொருவர். இரண்டு ஆண்டு குடித்த தண்ணீர் மூன்றாம் ஆண்டில் எப்படி மாறும் என்று நாம் கேட்கவில்லை. புதிய ஊரின் மகரந்தத்தை உடல் ஓரிரு பருவங்கள் பார்த்துப் பழகி, பின்னரே அதனைப் பகைவனென்று முடிவு கட்டுகிறது என்பது பின்னாளில் ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்தது.

தில்லியில் மகரந்தம் இரண்டு முறை உச்சத்தை அடைகிறது: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு முறை, செப்டம்பர் அக்டோபரில் மற்றொரு முறை. இந்திக்காரர்கள் பாப்ரி என்றும் சில்பில் என்றும் வழங்கும் மரம் வசந்தத்தில் தன் பொடியைக் காற்றில் விடுகிறது. ரிட்ஜ் எனப்படும் குன்றுப் பகுதியெங்கும் மண்டியிருப்பது நம் இராமநாதபுரத்துக் கண்மாய்களில் மண்டியிருக்கும் அதே சீமைக் கருவேலம். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் இங்கே கொண்டுவந்து நட்டது. அக்டோபர் இரவுகளில் சாலையோரத்து ஏழிலைப்பாலை பூத்துவிடும். நம் முன்னோர் பாட்டில் வைத்துப் போற்றிய மரம் அது. ஆயினும் நூறு மரங்கள் ஒரே தெருவில் பூக்கும்போது அந்த நெடி சிலருக்குத் தலையைப் பிளக்கும். அதே மாதத்தில் பெட்டியிலிருந்து ரஜாயை எடுத்து உதறுவோம். பஞ்சுக்குள் ஓராண்டாகக் குடியிருந்த தூசிப் பூச்சிகள் பெருமையோடு வெளிவரும். மே மாதத்து ஆந்தியைச் சொல்லவே வேண்டாம். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் 1949 முதல் இயங்கிவரும் வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தார் இவ்வூர் மகரந்தங்களைப் பற்றிப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள் என்றால், நம் மூக்கு மட்டும் தனித்து அழவில்லை என்பது விளங்கும்.

தும்மல் நம்மவருக்கு வெறும் உடற்கூறு அன்று; அது சகுனம், வாழ்த்து, சந்தேகம் எல்லாமும் ஆகும். குழந்தை தும்மினால் ‘தீர்க்காயுசு’ என்போம். வெளியே புறப்படுகையில் ஒருவர் தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவோம். கணவன் தும்ம, வாழ்த்திய மனைவி மறுகணமே, ‘யார் நினைத்ததால் இந்தத் தும்மல்?’ என்று கண் கலங்கும் காட்சியை வள்ளுவர் புலவி நுணுக்கத்தில் வைத்திருக்கிறார். நம் இல்லத்தரசிக்கு அந்த ஐயம் எழவில்லை. ஒரு காலையில் பதினெட்டுத் தும்மல்கள் எண்ணிவிட்டு, ‘இத்தனை பேர் உங்களை நினைக்க வாய்ப்பில்லை, ஏதாவது மருந்து சாப்பிடுங்கள்’ என்று கூறிவிட்டாள்.

மருந்தை அலுவலகத் தோழர் ஒருவர் கொடுத்தார். சிறிய வெள்ளை மாத்திரை, பெயர் அவில். நாட்டில் அதன் பெயரை அறியாதவர் அரிது. ஒன்றை விழுங்கினோம், அரைமணியில் மூக்கு அடங்கியது. தோழரை மனத்தால் வாழ்த்தினோம். மதியத்திற்கு மேல்தான் அதன் மற்றொரு முகம் தெரிந்தது. ஓய்வு பெறவிருந்த ஊழியர் ஒருவரின் சம்பள நிர்ணயக் கோப்பு நம் மேசையில் இருந்தது. அதில் நோட்டிங் எழுதி மேலே அனுப்பினோம். மறுநாள் செக்ஷன் ஆபீசர் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. ஓர் ஊதிய உயர்வை இரு முறை கூட்டியிருந்தோம். எழுதியது நம் கையெழுத்துத்தான். எழுதிய நினைவு மட்டும் பாதியே இருந்தது. தூங்கினோமா என்றால் இல்லை. விழித்திருந்தோமா என்றால் அதையும் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. 2016 மார்ச்சில் ஒருநாள் காலை அதே மாத்திரையை விழுங்கிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். மோதி பாக் அருகே சிக்னலில் நின்றிருந்த காரின் பின்புறம், நம் கண்ணெதிரே, நிதானமாக நெருங்கி வந்தது. நாம்தான் அதனை நெருங்குகிறோம் என்பது புத்திக்கு எட்டியபோது முன் சக்கரம் முட்டிவிட்டது. முழங்காலில் காயம், காரின் சொந்தக்காரரிடம் பஞ்சாபியில் வசை, வேறு நட்டமில்லை. அன்று நமக்குத் தூக்கமே வரவில்லை என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான சோதனை ஒன்றைப் பின்னர் படித்தபோது இது விளங்கிற்று. சாலையில் ஓட்டுவதுபோலவே அமைந்த பாவனைக் கருவியில் நாற்பது பேரை அமர்த்தி, ஒரு முறை மதுவும், ஒரு முறை டைபென்ஹைட்ரமின் என்னும் பழைய ஒவ்வாமை மருந்தும், ஒரு முறை புதிய மருந்தும், ஒரு முறை வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய மருந்தை உண்டவர்கள் மது அருந்தியபோது ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். அதைவிட முக்கியம், ‘எனக்கு மயக்கம் இருக்கிறது, இல்லை’ என்று அவரவர் சொன்னதற்கும் ஓட்டிய இலட்சணத்திற்கும் பொருத்தமே இல்லை என்பது. மதுவைத் தொடாதவரென்று ஊரில் நற்பெயர் வாங்கிய நாம், பத்தாண்டுகளாக வசந்தந்தோறும் ஏறத்தாழக் குடித்துவிட்டு வண்டியோட்டியவர் கணக்கில்தான் இருந்திருக்கிறோம்.

இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். ஒவ்வாமை என்பது அழகான தமிழ்ச் சொல். பிறர்க்கு ஒத்துப்போவது நமக்கு ஒத்துப்போகாமை. மேனாட்டில் அலர்ஜி என்ற சொல்லை 1906-இல் வியன்னா மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே படைத்தார். மூக்கிலும் கண்ணிலும் தோலிலும் காவல் நிற்கும் சில அணுக்கள், மகரந்தம்போன்ற அப்பாவியைக் கண்டு கலவரமடைந்து ஹிஸ்டமின் என்னும் பொருளைக் கொட்டிவிடுகின்றன. அது போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் எல்லாம் அரிப்பு, வீக்கம், நீர். 1910-இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேயரும் அவருடைய கூட்டாளியும் ஹிஸ்டமினின் இச்செயலை ஆராய்ந்து எழுதினர். 1937-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவெட்டும் அவர் மாணவி ஆன்-மரி ஸ்டாபும் அதற்கு எதிரான முதல் பொருளைக் கண்டனர். அது மனிதர்க்குக் கொடுக்கத் தக்கதாக இல்லை. 1942-இல்தான் மனிதர்க்கான முதல் மருந்து வந்தது. போவெட்டுக்கு 1957-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆன்டிஹிஸ்டமின் மருந்து ஹிஸ்டமினை அழிப்பதில்லை. வங்கி வரிசையில் முன்னதாகவே போய் நாற்காலியில் அமர்ந்துகொள்ளும் ஆளைப்போல, ஹிஸ்டமின் ஒட்டவேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது, அவ்வளவே. ஆகவேதான் தும்மல் உச்சத்திற்குப் போனபின் விழுங்குவதைவிட, முன்கூட்டியே விழுங்கினால் பயன் மிகுதி. ஆனால் மூளையிலும் ஹிஸ்டமின் உண்டு. அங்கே அதன் வேலை நம்மை விழித்திருக்கச் செய்வது. அவில், குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், ப்ரோமெதசின், ஹைட்ராக்ஸிசின் முதலிய பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் நுழைந்து அந்த விளக்கை மங்கச் செய்கின்றன. அத்தோடு நில்லாமல், உமிழ்நீர், குடல், சிறுநீர்ப்பை, கண் இவற்றை இயக்கும் வேறொரு இரசாயனத்தின் வழியையும் அடைத்துவிடுகின்றன. வாய் வறள்வது அதனால்தான். வாய் மட்டும் வறண்டால் தண்ணீர் குடித்துவிடலாம்.

ஸ்கூட்டர் மோதலுக்குப் பிறகு அரசு ஊழியர்க்கான டிஸ்பென்ஸரிக்குப் போனோம். (1954-இல் தில்லியில் தொடங்கிய திட்டம் அது; இன்று வெல்னஸ் சென்டர் என்று பலகை மாற்றியிருக்கிறார்கள்; வரிசை மட்டும் மாறவில்லை.) அங்கிருந்த அம்மையார் நம்மைப் பார்த்து, ‘நாற்பது வயதுக்குள் உள்ளவர் இன்னமும் பாட்டன் காலத்து மாத்திரையைத் தின்கிறீர்களே’ என்று கடிந்துகொண்டு செட்ரிஸின் எழுதினார். இரவில் ஒன்று, பத்து மில்லிகிராம். அதுவும் சிலர்க்கு மந்தம் தரும், முதல் சில நாள் வண்டியெடுக்காதீர்கள் என்றார். மந்தம் தந்தது. பிறகு பெக்ஸோபெனடின் என்பதற்கு மாற்றினார். மூளைக்குள் நுழைவதில் மிகவும் தயக்கம் காட்டுவது அதுதானாம். ஒரே நிபந்தனை: பழச்சாற்றோடு விழுங்கக் கூடாது. ஆரஞ்சு, ஆப்பிள், பம்பளிமாஸ் இனத்துச் சாறுகள் அது குடலில் ஏறுவதைக் குறைத்துவிடும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் சில அமில முறிப்பான்களும் அப்படியே. வெறுந்தண்ணீரே போதும்.

இந்தப் பெக்ஸோபெனடினுக்கு ஒரு கதை உண்டு. அதற்கு முன் டெர்பெனடின் என்றொரு மருந்து இருந்தது. தூக்கம் தராத முதல் மருந்தென்று உலகமே அதைக் கொண்டாடிற்று. எரித்ரோமைசின், கீட்டோகோனசோல்போன்ற மருந்துகளோடு சேர்த்து உண்டவர்களுக்குக் கல்லீரல் அதைச் சிதைக்க முடியாமல் போய், இதயத்துடிப்பு தாறுமாறாகி, சிலர் உயிரிழந்தனர். 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலகிற்று. உடலுக்குள் அது மாறும் இறுதி வடிவத்தையே எடுத்துத் தனி மருந்தாக்கியதுதான் பெக்ஸோபெனடின். அதில் இதயத்துக்கு அந்தத் தீங்கு இல்லை. ஒரு மருந்து தனியே நல்லதாயிருந்தாலும், அருகில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதைப் பார்க்கவேண்டும் என்பதற்காக இதை இங்கே சொன்னோம். அந்தப் பாடத்தை நாம் படித்தது இப்போது, வேண்டியிருந்தது 2019-இல்.

அவ்வாண்டு ஜனவரியில் நம் தந்தையார் தில்லி வந்தார். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது எழுபத்து மூன்று. குடியரசு தின அணிவகுப்பை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருந்தோம். மார்கழிக் குளிரையே கும்பகோணத்தில் சால்வையால் சமாளித்தவர், தில்லிக் குளிரைக் கண்டு சிரித்தார். மூன்றாம் நாள் மூக்கு ஒழுகத் தொடங்கிற்று.

நாம் நல்ல மகனாக நடந்துகொண்டோம். எதிர்க்கடைக்குப் போய், ‘ஜலதோஷத்துக்கு ஏதாவது கொடுங்கள்’ என்றோம். கடைக்காரர் பத்து மாத்திரைகள் கொண்ட அட்டையை எடுத்து நீட்டினார். ஒரு நாளைக்கு மூன்று என்றார். அதனைப் புரட்டிப் பார்க்கவில்லை. இரவிலும் தும்மல் நிற்காததைக் கண்டு, டப்பாவைத் திறந்து, நமக்குப் பழகிய அவிலில் ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். ‘தூங்கிடுவீங்க, அப்பா’ என்றோம். ‘வாய் ரொம்ப வறளுதுப்பா’ என்றார் மறுநாள். ‘குளிர்காலத்துல அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி வெந்நீர் கொடுத்தோம். அன்றும் மூன்று, இரவில் மீண்டும் ஒன்று.

மூன்றாம் இரவு இரண்டு மணிக்கு இல்லத்தரசி நம்மை உலுக்கி எழுப்பினாள். குளியலறையில் விளக்கெரிந்தது. தந்தையார் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. மருமகள் இருக்கும் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று நாள் முழுவதும் சொல்லவில்லை. அடிவயிறு பலகைபோல் இருந்தது. தோளைத் தொட்டுத் திருப்பியபோது நம் முகத்தைப் பார்த்துவிட்டு, நம் பெயரைச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன சிற்றப்பாவின் பெயரைச் சொன்னார். ‘மணி அடிச்சாச்சா? பசங்க எல்லாம் உள்ளே போயாச்சா?’ என்று கேட்டார்.

பனிமூட்டத்தில் ஆட்டோ கிடைத்து மருத்துவமனை சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. பணியிலிருந்த இளம் மருத்துவர் குழாய் செலுத்தினார். ஏறத்தாழ ஒரு லிட்டர் வந்தது. தந்தையார் கண்ணை மூடிக்கொண்டார். பின்னர் அந்த இளைஞர் நம்மிடம் திரும்பி, ‘இவருக்கு ப்ராஸ்டேட் வீக்கம் உண்டா?’ என்றார். தெரியாது என்றோம். ‘இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார்?’ தெரியாது. ‘என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?’ ஜலதோஷ மாத்திரை. ‘அதற்குப் பெயர் இருக்குமே?’ தெரியாது. நாள்தோறும் மேலதிகாரியின் எல்லாக் கேள்விக்கும் ஆதாரக் காகிதத்தோடு பதிலெழுதிப் பழகிய நாம், அந்த இளைஞரின் முன் ஒரு கேள்விக்கும் விடை தெரியாமல் நின்றோம்.

விடிந்ததும் வீட்டுக்கு ஓடி இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்தோம். அவர் அவற்றைப் புரட்டி விளக்கடியில் பிடித்துப் படித்துக் காட்டினார். கடைக்காரர் தந்ததில் மூன்று மருந்துகள்: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைல்எப்ரின். நாம் தந்த அவிலோ பெனிரமின். குளோர்பெனிரமினுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ‘குளோர்பெனிரமின் சிறுநீர்ப்பையைச் சுருங்க விடாது, பினைல்எப்ரின் அதன் வாசலை இறுக்கும். இவற்றின்மேல் இரவில் இன்னொன்று. ஏற்கெனவே வழி குறுகலான கிழவருக்கு இது போதாதா? வயதானவர்க்கு இம்மருந்துகள் புத்தியையும் குழப்பும், தடுமாறி விழவும் செய்யும்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்கு நான்கு பேருக்குச் சொல்லும் பழக்கத்தில் சொன்னார். அட்டையின் பின்புறத்தில், மருத்துவர் மேற்பார்வையின்றி உட்கொள்வது அபாயம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. எழுத்து சிறிதுதான், ஆயினும் சுற்றறிக்கைகளின் அடிக்குறிப்பைப் படிக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதன்று.

நுழைவுச்சீட்டு மேசையில் கிடக்க, அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தார், பக்கத்தில் குழாய்ப்பையோடு. நாம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘ஆபீஸ்ல ஒரு காகிதத்தைப் படிக்காம மேலே அனுப்புவியா?’ என்று மட்டும் கேட்டார். சில நாட்களில் குழாயை எடுத்தார்கள். ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரை தொடங்கினார்கள். மார்ச்சில் ஊர் திரும்பினார்.

அவர் போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் தரையில் கவிழ்த்தோம். ஒரு தாளில் கோடு கிழித்து, வணிகப் பெயர், உள்ளிருக்கும் மருந்தின் பெயர், அளவு, காலாவதி நாள் என்று அலுவலக முறைப்படி எழுதினோம். பெயர் வெவ்வேறான பதினொரு அட்டைகளில் நான்கில் இருந்தது குளோர்பெனிரமின். இரண்டில் லெவோசெட்ரிஸின், அதனோடு செட்ரிஸினும் தனியே இருந்தது. இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே சரக்குத்தான். ஒன்று மற்றொன்றின் பாதி. அதனால்தான் அளவும் பத்துக்குப் பதில் ஐந்து மில்லிகிராம். இரண்டையும் சேர்த்து உண்பவர் இரட்டிப்பாக உண்கிறார். இருமல் பாட்டிலிலும் ஓர் ஆன்டிஹிஸ்டமின் ஒளிந்திருந்தது. காலாவதியானவை மூன்று. அண்டை வீட்டார் இருவரை அழைத்து அவர்கள் டப்பாவையும் கொண்டுவரச் சொன்னோம். அங்கும் இதே கதைதான். பெயர்தான் வேறு, பிள்ளை ஒன்று.

லெவோசெட்ரிஸினோடு மான்டெலூகாஸ்ட் சேர்ந்த மாத்திரை நம் நாட்டில் மூக்கொழுகுவோர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதைப்பற்றி ஒரு சொல். மான்டெலூகாஸ்டினால் சிலர்க்குக் கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரக்கூடும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. வெறும் மூக்குத் தொல்லைக்கு, வேறு மருந்து பயன்படாதபோதுதான் இதைக் கொடுக்கலாம் என்றது. எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம், ‘இதில் இரண்டு இருக்கின்றனவே, இரண்டும் வேண்டுமா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. பினைல்எப்ரினின் கதி இன்னும் வேடிக்கை. வாய்வழி விழுங்கினால் அது மூக்கடைப்பைத் திறப்பதே இல்லை என்று 2023 செப்டம்பரில் அதே நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு முடிவு செய்தது. நம் தந்தையார்க்கு அது திறக்கவேண்டியதைத் திறக்காமல், மூடக்கூடாததை மூடியதுதான் மிச்சம்.

முப்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட இரயில் பயணம் நம் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் உண்டு. கைக்குழந்தை அழாமல் உறங்கட்டும் என்று ஜலதோஷ சிரப்பில் ஒரு மூடி கொடுத்துவிடும் தாய்மார்களைப் பெட்டியில் பலமுறை பார்த்திருக்கிறோம். நாமும் நம் மூத்தவளுக்கு ஒருமுறை கொடுத்தோம். அவள் உறங்காமல் நாகபுரிவரை ஆட்டம் போட்டாள். குழந்தைகளிடம் பழைய மருந்துகள் சிலசமயம் தலைகீழாகவும் வேலைசெய்யும். அதுவாவது சிரித்துவிட்டுப் போகும் செய்தி. மூச்சே மட்டுப்பட்டுவிடும் அபாயம் இருப்பதால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ப்ரோமெதசின் கூடவே கூடாது. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த குழந்தைச் சொட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்க்குக் கொடுக்கலாகாது என்று எச்சரிக்கை அச்சிடும்படி நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் 2023 டிசம்பரில் ஆணையிட்டார். பெட்டியில் அழும் குழந்தைக்குத் தோள்தான் மருந்து. மாற்றி மாற்றித் தூக்க இருவர் வேண்டும்.

இன்று நம் ஏற்பாடு இதுதான். பிப்ரவரி தொடங்கியதும், பாப்ரி பூக்குமுன், மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானைத் தொடங்கிவிடுகிறோம். நாள்தோறும் வாட்டும் மூக்குக்கு மாத்திரையைவிட அதுவே வலியது. ஆனால் இன்று அடித்தால் இன்றே கேட்காது, சில நாள் பொறுக்க வேண்டும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதைச் சில நாட்களுக்கு மேல் போட்டால் அடைப்பே மிகுந்து திரும்பும். காலையில் சன்னல்களைச் சாத்துகிறோம். வீடு திரும்பியதும் உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறோம். ரஜாயை எடுப்பதற்கு முன் இரண்டு நாள் மாடி வெயிலில் போடுகிறோம். இவ்வளவுக்கும் அடங்காத நாளில் ஒரு பெக்ஸோபெனடின். நவம்பர்ப் புகையில் தொண்டை எரிவதற்கு அதனை விழுங்குவதில்லை. அது புகையின் எரிச்சல், பெரும்பாலும் ஹிஸ்டமினின் வேலை அன்று. சிறுநீரகம் பழுதுற்ற நம் அண்டை வீட்டார்க்குச் செட்ரிஸின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார். கண்ணழுத்த நோயுள்ள அவர் துணைவியார் பழைய வகையைத் தொடுவதே இல்லை. பல மாதங்கள் நாள்தோறும் செட்ரிஸின் உண்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் சிலர்க்கு, அரிதாக, உடலெங்கும் கடும் அரிப்பு வருகிறதென்று 2025 மே மாதத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அப்படி உண்பவர் நிறுத்துமுன் கேட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வாமை எதனால் என்றறியத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குப் போவோரும் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே இம்மாத்திரைகளை நிறுத்தவேண்டியிருக்கும். இல்லையேல் சோதனை பொய் சொல்லும்.

ஒன்றைமட்டும் இல்லத்தரசி சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். இறால் தின்றோ, குளவி கொட்டியோ, ஊசிமருந்து போட்டோ, உதடும் நாக்கும் வீங்கி, குரல் கம்மி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் டப்பாவைத் திறக்கக் கூடாது. வண்டியைத் திறக்க வேண்டும். அந்நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி; ஆன்டிஹிஸ்டமின் தோல் அரிப்பைத் தணிக்குமே தவிர, அடைபடும் மூச்சைத் திறக்காது.

தந்தையார்க்கு இப்போது எண்பது. அதன்பிறகு தில்லிக்கு வரவில்லை. அணிவகுப்பைப் பற்றியும் பேசுவதில்லை. சென்ற ஐப்பசியில், இங்கே ஏழிலைப்பாலை பூத்து நாம் தும்மிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். மழையில் நனைந்து ஜலதோஷமாம். மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அட்டையின் பின்புறத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார். அந்தக் காலத்தில் நமக்கு ஆங்கில எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

‘குளோர்... பெனி... ரமின்னு போட்டிருக்கு. அதுதானே?’

‘அதேதான், அப்பா.’

‘கூடவே அந்த இன்னொண்ணும் இருக்கு. சரி, வை. திருப்பிக் கொடுத்துட்டு, ஆவி பிடிக்கிறேன்.’